21-ம் நாள் டெஸ்ட் எல்லோருக்கும் பொருந்துமா?

"எனக்கு வயது 28. எட்டு மாதமாகக் குழந்தைக்கு முயல்கிறோம். பீரியட்ஸ் 34 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. 21-ம் நாள் ரத்தப் பரிசோதனையில் புரோஜெஸ்ட்ரான் 1.1 என வந்தது. கருமுட்டை வெளிவரவில்லை என்று அர்த்தமா? என் அண்ணி 16-ம் நாளிலிருந்து போட்ட புரோஜெஸ்ட்ரான் மாத்திரையை நானும் போடலாமா?"
- வாசகி, திருச்சி

அந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணும் இந்த 21-ம் நாள் என்பது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கான கணக்கு. உங்களுக்கு அது பொருந்தாது.

மாதவிலக்கு தொடங்கும்போது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன், சினைப்பையில் சில முட்டைப்பைகளை வளர்க்கிறது. அவற்றில் முந்திக்கொள்ளும் ஒன்று ஈஸ்ட்ரோஜனை அதிகமாகச் சுரக்கும். அதுவரை பிட்யூட்டரியை அடக்கிவைத்த அதே ஈஸ்ட்ரோஜன், உச்சத்தில் இரண்டு நாள் நீடித்தால் அதைத் தூண்டிவிடும். விசித்திரமான ஏற்பாடுதான்! உடனே எல்.எச். ஹார்மோன் பொங்கி, சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். வெடித்த பை 'கார்பஸ் லூட்டியம்' ஆகி புரோஜெஸ்ட்ரான் ஹார்மோனைச் சுரக்கும். கரு தங்காவிட்டால் ஏறத்தாழ 14 நாளில் அது சுருங்கிவிடும், பீரியட்ஸ் வரும்.

இந்தப் பின்பாதி பலருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆளுக்கு ஆள் நீள்வதும் குறைவதும் முன்பாதி. ஆக, உங்களுக்கு முட்டை வெளிவருவது 20-ம் நாள் வாக்கில். மறுநாளே ரத்தம் கொடுத்தால் புரோஜெஸ்ட்ரான் எப்படி ஏறியிருக்கும்? 27-ம் நாள், அதாவது அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்பு எடுங்கள். 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது.

அண்ணியின் மாத்திரை வேண்டாம். முட்டை வெளிவரும் முன்பே புரோஜெஸ்ட்ரான் உடலில் ஏறினால் எல்.எச். பொங்குவதையே அது தடுத்துவிடக்கூடும். வேண்டுமா, எந்த நாளில் என்பதை உங்கள் மருத்துவர் முடிவுசெய்யட்டும்.

14-ம் நாளைக் குறிவைத்து, அதன்பின் முயற்சியை விட்டுவிடும் தம்பதிகள் நிறைய. முட்டைக்கு ஆயுள் அதிகபட்சம் ஒரு நாள். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். உங்களுக்கு 15 முதல் 20-ம் நாள் வரை ஒன்றுவிட்டு ஒருநாள் சேர்ந்தால் போதும்.

27-ம் நாளிலும் அளவு குறைவாக இருந்தால் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), பிசிஓடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 35 வயதுக்குக் கீழே ஓராண்டு முயன்ற பிறகே பொதுவாக முழுப் பரிசோதனை செய்வோம். அப்போது கணவரின் விந்தணுப் பரிசோதனையையும் சேர்த்தே செய்துவிடுங்கள். பல வீடுகளில் அது மட்டும் கடைசிக்குத் தள்ளிப்போகிறது.