சைக்கிளை விட்டு இறங்காத உரிமை

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது தொழிற்சாலையில் வேலை. தங்கைக்குக் கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருக்கிறது. ‘பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா’ என்று தோட்டமே திரண்டு வந்து அப்பாவைக் குழப்புகிறது. கோயில் வரி கட்டுகிறோம், கணக்குக் கேட்டால் முறைக்கிறார்கள். கூட்டம் என்றாலே தனிமனிதனை நசுக்கும் ஏற்பாடுதான் என்று தோன்றுகிறது. தொழிற்சங்கத்திலிருந்தும் விலகலாமென நினைக்கிறேன். தனிமனிதவாதம்தானே சரி?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தங்கை விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். அப்பாவிடம் நான் பேச வேண்டுமென்றால் சொல்லுங்கள், பேசுகிறேன். அரசாங்கச் சட்டத்தைவிட ஊரார் அபிப்பிராயம் ஒருவரை ஆழமாக அடிமைப்படுத்தக்கூடும் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இலேயே எழுதினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிகளை நினைத்துப் பாருங்கள். சொந்த ஊரிலிருந்து, பெரும்பாலும் உறவுக்காரர்களையும் சாதிக்காரர்களையுமே ஆள் பிடித்து வந்தார்கள். அப்படி வந்தவர்கள் வேலைக்கு இறங்கிய நாளுக்கெல்லாம், ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிகள் தலைக்காசு வாங்கினார்கள். ஊர்ப்பாசம், நன்றிக்கடன் எல்லாம் இருந்தது. ‘மாட்டேன்’ என்று சொல்ல மட்டும் வழியில்லை. அந்தக் கூட்டு வாழ்க்கையை ஏக்கத்தோடு பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

சரி, ஆனால் தொழிற்சங்கத்தையும் இதே கணக்கில் சேர்த்துவிட்டீர்களே!

1941-இல் உங்கள் சிலாங்கூரில்தான், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல் என்று கோரிக்கைகள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். தனிமனித உரிமைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. என் சைக்கிள், என் பாதை, நான் ஏன் இறங்க வேண்டும்? ஆனால் ஒரே ஒருவர் மட்டும் இறங்க மறுத்திருந்தால் வேலையும் வீடும் சேர்ந்தே போயிருக்கும். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துதான் அதைக் கேட்க முடிந்தது. நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

அப்புறம் தோட்டத் துண்டாடல். வெள்ளைக்கார முதலாளி தன் சொத்தை விற்றார், இன்னொருவர் வாங்கிக் கூறுபோட்டார். இருவருமே தங்கள் சுதந்திரத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அந்தப் பேரத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவருக்கு இடமே இல்லை. தனிமனிதவாதம் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடுகிற இடம் இது. 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. அதில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரிலேயே பங்கு. எனக்கு மனதுக்குப் பிடித்த ஏற்பாடு அது.

ஆகவே எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் நான் கேட்பது இதைத்தான்: இங்கே கணக்குக் கேட்கலாமா, மறுத்துப் பேசலாமா, வேண்டாமென்றால் வெளியே போகலாமா? கணக்குக் காட்டாத கோயில் நிர்வாகம் இதில் தேறவில்லை. அடுத்த வரியைக் கொடுக்காதீர்கள், எதற்காகக் கொடுக்கவில்லை என்று எழுதியும் கொடுங்கள். தொழிற்சங்கத்தில் இருங்கள். சம்பளப் பேச்சில் முதலாளி எதிரே நீங்கள் தனியாகப் போய் உட்கார்ந்தால் உங்கள் பேச்சு அவர் காதில் ஏறாது. அங்கேயும் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேளுங்கள்.