108 உருப்படிப் பெட்டியா, பத்துச் சாமானா?

கேள்வி: அண்ணா, நான் பர்மாவில் தட்டோன் பக்கம் இருக்கிறேன். ஹோண்டா வேவ் 125 பைக் வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றுவது, செயின் இழுப்பது, ஸ்பார்க் பிளக் கழற்றிப் பார்ப்பது எல்லாம் இனி வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். கடையில் 108 உருப்படி கொண்ட டூல் பெட்டி ஒன்றைக் காட்டுகிறார்கள். நல்ல சாமானாகப் பத்து எடுத்தாலும் ஏறக்குறைய அதே காசுதான் ஆகிறது. எதை எடுக்கலாம்?

பதில்: பெட்டியை விட்டுவிடுங்கள் தம்பி. திறந்து காட்டும்போது பளபளவென்று ஆசையாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பதை எண்ணிப் பாருங்கள். ஸ்குரூ பிட்டுகளே ஒரு கூடை இருக்கும். நட்டின் தலையில் தொப்பிபோல் கவியும் சாக்கெட்டுகளில் 24, 27, 30, 32 மி.மீ. எல்லாம் கார், லாரிக்காரர்களுக்கு. சாக்கெட்டை மாட்டித் திருகும் கைப்பிடியான ராட்செட் பெரும்பாலும் இரண்டு: சாக்கெட் மாட்டும் முனை ஒன்றில் கால் இஞ்சு, மற்றதில் அரை இஞ்சு. நம் வண்டிக்குக் கைக்கு அடக்கமானது இரண்டுக்கும் நடுவில் உள்ள 3/8 இஞ்சு, பழைய பட்டறைக்காரர் கணக்கில் மூன்று நூல். அதுதான் அந்தப் பெட்டியில் இருக்காது.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்து வீட்டில் ஸ்பேனர் கடன் வாங்கி, வண்டியைச் சுற்றி வந்து எந்த நட்டுக்கு எது பொருந்துகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஜப்பான் வண்டிகளில் ஒரு கணக்கு இருக்கிறது: 6 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 10, 8க்கு 12, 10க்கு 14, 12க்கு 17. அதனால்தான் வண்டியோடு கொடுக்கும் ஸ்பேனரில் ஒரு முனை 10, மறுமுனை 12 என்றும், இன்னொன்றில் 14, 17 என்றும் இருக்கும். கடைப் பெட்டிகளில் வரும் 11ஐயும் 13ஐயும் வேவில் நீங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும். தாத்தா காலத்து இரும்புப் பெட்டியில் இஞ்சு ஸ்பேனர் கிடந்தால் அதை வண்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள். அரை இஞ்சு என்பது 12.7 மி.மீ.; 12 நட்டில் போட்டால் ஆடும், ஆடினால் நட்டின் முனை மழுங்கும்.

ஆக, வாங்க வேண்டியவை: 8, 10, 12, 14, 17, 19 அளவில் ஒரு முனை ரிங், ஒரு முனை திறந்த ஸ்பேனர்கள், 3/8 ராட்செட், அதற்கு 8 முதல் 17 வரை தேவையான சாக்கெட் மட்டும். சாக்கெட் ஆறு மூலையாக இருக்கட்டும். பன்னிரண்டு மூலை சாக்கெட் துருப்பிடித்த நட்டில் வழுக்கும், நம் ஊரில் துருப்பிடிக்காத நட்டு ஏது? பின் சக்கர அச்சைத் தளர்த்தும்போது ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திருக வேண்டும். அங்கே ஒரு ஸ்பேனர் போதாது, இரண்டு பக்க அளவையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிளக்குக்கு 16 மி.மீ. பிளக் சாக்கெட். உள்ளே ரப்பர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளக்கை வெளியே எடுக்கும்போது கீழே விழுந்து பீங்கான் விரிசல் விடும். பெட்டிகளில் வரும் அரை இஞ்சு பிளக் சாக்கெட்டின் சுவர் தடிமன். சில வண்டிகளில் குழிக்குள் இறங்காமல் நிற்கும்.

இனி, யாரும் கவலைப்படாத ஸ்குரூ டிரைவர். என்னைக் கேட்டால் முதல் காசு இதற்குத்தான். ஜப்பான் வண்டியின் கூட்டல்குறி ஸ்குரூவும் சாதாரண பிலிப்ஸ் டிரைவரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் பள்ளத்தின் வடிவம் வேறு. ஜப்பான் தர ஸ்குரூ பலவற்றின் தலையில், ஓரமாகக் கடுகளவு ஒரு புள்ளி குத்தியிருப்பார்கள். முன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் இருக்கும் இரண்டு குட்டி ஸ்குரூவைப் பாருங்கள். அதில் பிலிப்ஸை வைத்து அழுத்தித் திருகினால் டிரைவர் மேலே எழும்பிக்கொண்டே வரும், இரண்டாவது முறை பள்ளம் கிண்ணமாகிவிடும். அப்புறம் அதை எடுக்கத் துளைபோடும் மெஷின்தான். ஜே.ஐ.எஸ். என்னும் அந்த ஜப்பான் தர வடிவில் செய்த, 2ஆம் நம்பர் டிரைவர் ஒன்று வாங்குங்கள். ஜப்பானின் வெஸல் கம்பெனி இதற்குப் பேர்போனது. போலி இருக்கலாம், முனையை நன்றாகப் பார்த்து எடுங்கள். புள்ளி உள்ள ஸ்குரூ ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கடையிலேயே வைத்துப் பாருங்கள். பிடியை விட்டாலும் டிரைவரின் நுனியில் ஸ்குரூ நிற்க வேண்டும்.

நம் ஊர் மின்சாரத்தை நம்பி எதையும் வாங்காதீர்கள். காற்றுக்குக் கால் பம்பு, வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டும் டார்ச். வேவுக்கு நடு ஸ்டாண்டு இருக்கிறது, அதனால் தனி ஸ்டாண்டும் வேண்டாம்.

கேள்வி: இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் அவசியமா? மெக்கானிக்குகள் கையாலேயே இறுக்குகிறார்களே.

பதில்: அவர்கள் கைக்கு இருபது வருட ஞாபகம் உண்டு. எனக்கு இல்லாதபோது என்ன நடந்தது என்று சொல்கிறேன். என்ஜினுக்கு அடியில் ஆயிலை வடிக்கும் ஆயில் போல்ட்டை நீளமான கைப்பிடி போட்டு இறுக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்தது, திடீரென்று லேசாகிவிட்டது. என்னமோ வெண்ணெயில் கத்தி இறங்கினாற்போல. என்ஜின் அடிப்பகுதி அலுமினியம், மரை உரிந்துவிட்டது. அன்று பெய்த மழையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனேன், உள்ளே கம்பிச் சுருள் மரை போட்டுத் தந்தார்கள். அந்தக் கூலிக்கு நல்ல ரெஞ்சே வாங்கியிருக்கலாம்.

வேவின் ஆயில் போல்ட்டுக்குச் சொல்லப்படும் இறுக்கம் 24 நியூட்டன் மீட்டர். புரியும்படி சொன்னால், 20 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 12 கிலோ தொங்கினால் வரும் அளவு, நம் சந்தைக் கணக்கில் ஏழு வீசைக்குச் சற்று மேலே. அதே 12 கிலோவை 50 செ.மீ. கைப்பிடியில் தொங்கவிட்டால் 60 ஆகிவிடும். நான் செய்தது இதுதான். எனவே ஆயில் போல்ட்டைக் குட்டி ஸ்பேனரால் இறுக்கினாலே பாதி ஆபத்து போய்விட்டது.

ரெஞ்ச் வாங்குவதாக இருந்தால் 5 முதல் 25 வரை அளக்கும் சின்னது வாங்குங்கள், பிளக்கும் என்ஜின் போல்ட்டும் அதில் அடங்கும். கடையில் முதலில் நீட்டுவது 40 முதல் 200 வரை உள்ள பெரியது. அது கார் சக்கரத்துக்கு. வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், இறுக்கியே வைத்தால் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்து அளவு பொய் சொல்லும். கூடவே ஆயில் போல்ட்டின் வாஷரையும் மாற்றுங்கள், சல்லிக்காசு சமாச்சாரம் அது.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது சீன 125. அதற்கும் இதே அளவுகள்தானா?

பதில்: பெரும்பாலும் ஹோண்டா வடிவத்தைப் பார்த்தே செய்திருப்பதால் சரியாகத்தான் வரும். ஆனால் இடையில் யாராவது போல்ட்டை மாற்றியிருந்தால் 13 தலைகூட நுழைந்திருக்கும். அளந்து எழுதும் தாள் உங்களுக்கு இன்னும் அவசியம்.

கேள்வி: போன மழைக்கு என் ஸ்பேனர்கள் எல்லாம் துருப்பிடித்துவிட்டன. மோல்மேனில் மே முதல் அக்டோபர் வரை ஈரம்தான். என்ன செய்வது?

பதில்: பிளாஸ்டிக் பெட்டிக்குள் கறுப்புப் பஞ்சு மெத்தை போட்டு வைத்திருப்பீர்கள், அதுதான் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மெத்தையை எடுத்துப் போட்டுவிட்டு, தடித்த துணியில் பள்ளம் பள்ளமாகத் தைத்த சுருட்டுப் பையில் வையுங்கள். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் துடைத்து, என்ஜின் ஆயில் தொட்ட துணியால் ஒரு தேய்ப்பு. அதற்குப் பழைய லுங்கித் துண்டைவிட நல்லது கிடையாது.