கடலூருக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாட்டனார்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தாய்வழி எள்ளுத்தாத்தா ஸ்காட்லாந்துக்காரர். அங்கே பஞ்சம் வந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தவர், ஓய்வுபெற்றதும் கடலூரிலேயே மணமுடித்துத் தங்கிவிட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழைய வேதாகமம் மட்டுமே. அதன் முன்தாளில் 'இன்வர்னெஸ்' என்ற பெயரும், பிள்ளைகள் அலெக்சாண்டர், மார்கரெட், ஜான் ஆகியோரின் பெயர்களும், மனைவிக்கு 'மேரி' என்ற ஒற்றைப் பெயரும் உள்ளன. அவருடைய பெற்றோர் யாரென்று கண்டறிய வழியுண்டா?
– வாசகி ஒருவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வழியுண்டு. ஆனால் தேடலைக் கடலூரிலிருந்து தொடங்குங்கள். சென்னை மாகாணத்து ஆலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவு நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு வந்தன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் 'என்/2' என்ற வரிசையில் இருக்கின்றன. 'ஃபிபிஸ்' எனப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கத்தின் இணையதளத்தில் பெயர்களைக் கட்டணமின்றித் தேடலாம். அடக்கப் பதிவில் உள்ள வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு ஏறக்குறையத் தெரிந்துவிடும். திருமணப் பதிவில் மணமகனின் தந்தை பெயரே கிடைக்கவும் வாய்ப்புண்டு. கம்பெனியின் ஆள்சேர்ப்புப் பதிவேடுகளையும் விட்டுவிடாதீர்கள்.

'இன்வர்னெஸ்' என்பதை நகரம் என்று மட்டும் கொண்டுவிடக் கூடாது. விருத்தாசலத்துக்காரர் வெளியூரில் 'கடலூர் மாவட்டம்' என்று சொல்வதைப் போலத்தான், அன்றைய இன்வர்னெஸ் மாவட்டத்துக்குள் அடங்கிய ஸ்கை தீவில் பிறந்தவரும் 'இன்வர்னெஸ்' என்றே எழுதியிருப்பார். 1846-இல் ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலண்ட்ஸிலும் தீவுகளிலும் உருளைக்கிழங்குப் பயிர் நோய்கண்டு அழுகியது. அதையே உண்டு வாழ்ந்த குடியானவர்கள் பட்டினிக்கு ஆளாயினர். உங்கள் வீட்டில் சொல்லிவரும் பஞ்சக் கதை இதனோடு நன்றாகவே பொருந்துகிறது.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதிவு செய்யத் தொடங்கியது 1855-இல்தான். அதற்கு முன்பே கப்பலேறிவிட்ட ஒருவரைப் பற்றி அங்கே இருக்கக்கூடியது பெரும்பாலும் திருச்சபை ஏட்டில் ஒரே ஒரு வரி. அதுவும் பல இடங்களில் விடுபட்டிருக்கும். ஆகவே கிளம்பி வந்தவரை விட்டுவிட்டு, ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய தாய், தந்தை, உடன்பிறந்தோர் ஆகியோரைத் தேடுங்கள். 1855-க்குப் பிற்பட்ட ஸ்காட்லாந்து இறப்புச் சான்றில் இறந்தவரின் தந்தை பெயரோடு தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் எழுதப்பட்டிருக்கும் என்பதால், அங்கேயே முதுமையடைந்து இறந்த ஓர் அக்காவின் சான்று கிடைத்தால்கூட உங்கள் பாட்டனாரின் பெற்றோர் இருவரும் வெளிப்பட்டுவிடுவர். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் பிறந்த திருச்சபை வட்டாரமும் குறிக்கப்பட்டிருப்பதால், எந்த வட்டாரம் என்பதையும் அதைக் கொண்டு உறுதி செய்யலாம். இவையனைத்தும் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' இணையதளத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தைப் பார்க்கவும் சிறு கட்டணம் உண்டு.

வேதாகமத்தின் முன்தாளையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரை இடுவது நம்மிடையே இருப்பது போலவே அவர்களிடமும் வழக்கம். எனவே பாட்டனாரின் தந்தை ஓர் அலெக்சாண்டராக இருந்திருக்கலாம். மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயரை வைப்பதே அவர்கள் முறை. மேரி இந்த மண்ணைச் சேர்ந்த பெண்ணாயின், மார்கரெட் என்ற பெயர் அவருடைய தாயிடமிருந்து வந்திருக்க வாய்ப்புக் குறைவு. பாட்டனாரின் தாய் பெயராகவே இருக்கக்கூடும் என்று கருதுகிறேன். இது சான்றாகாது, அலெக்சாண்டர்–மார்கரெட் தம்பதியை 1851 கணக்கெடுப்பில் தேடுவதற்கு ஒரு துப்பு, அவ்வளவே.

ஒரு வேண்டுகோள்: பாட்டனாரைத் தேடும் ஆர்வத்தில் மேரியை ஒற்றைப் பெயரோடு விட்டுவிடாதீர்கள். ஐரோப்பியச் சிப்பாய்களை மணந்த நாட்டுப் பெண்களின் பெற்றோரை ஆங்கிலப் பதிவேடுகள் பெரும்பாலும் குறித்ததில்லை. கடலூரில் உங்கள் குடும்பம் வழிபட்டுவந்த ஆலயத்தின் ஆயரை அணுகி, தமிழ்ச் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் காட்டும்படி கேளுங்கள். மேரியின் ஊரும் பழைய பெயரும் எழுதப்பட்டிருந்தால் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: கடலூரில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் மகள் எங்கள் கொள்ளுப்பாட்டி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவருக்குப் புதுச்சேரியில் திருமணம் நடந்தது. அந்தப் பதிவு எங்கே கிடைக்கும்?
– வாசகர் ஒருவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் நடந்த திருமணம் என்பதால் லண்டன் ஆவணங்களில் அது இல்லாமல் போகலாம். பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளின் ஆவணக் காப்பகம், புதுச்சேரியின் பழைய 'எத்தா சிவில்' (பிறப்பு, திருமணம், இறப்பு குறித்த அரசுப் பதிவு) ஏடுகளைப் படமெடுத்துத் தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டுள்ளது. பிரெஞ்சுத் திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயர்களும் விரிவாக எழுதப்படும். தந்தையின் முழுப்பெயர் அதிலிருந்து கிடைத்ததும், மேலே கடலூர் வாசகிக்குச் சொன்ன வழியில் தொடருங்கள்.