பள்ளி கேட்டில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள்

தம்பி, மலேசியாவுக்கு வந்து சுங்கை சிப்புட்டில் மகளை மிஷன் பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்க்கலாமா, நம்ம ஊர் கான்வென்ட் மாதிரி இங்கிலீஷ் மீடியமா, பைபிள் வகுப்பு கட்டாயமா, வீட்டு வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை டவுனில் இரண்டு நாள் சுற்றினால் தெரிந்துவிடும். பள்ளி விஷயத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

‘கான்வென்ட்’, ‘மெதடிஸ்ட்’ என்ற பெயர் நிலமும் கட்டடமும் யாருடையது என்பதைத்தான் சொல்லும். ஆசிரியரை அனுப்புவதும் சம்பளம் கொடுப்பதும் கல்வி அமைச்சு. பாடத்திட்டம் மற்ற அரசுப் பள்ளிகளில் உள்ள அதே கேஎஸ்எஸ்ஆர் என்னும் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம்தான். பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். எஸ்கே என்றால் மலாய் வழி, எஸ்ஜேகேடி என்றால் தமிழ் வழி. ஈப்போவில் செயிண்ட் பிலோமினா கான்வென்ட் என்றே ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது.

காப்பிக் கடையில் பெரியவர்களைக் கேட்டால் “கான்வென்ட் இங்கிலீஷே தனி” என்பார்கள். அவர்கள் சொல்வது அந்தக் காலக் கதை. 1970 முதல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஆங்கிலப் பள்ளிகள் மலாய்க்கு மாறிவிட்டன. அதற்கு முன்பும் தோட்டங்களில் அந்த இங்கிலீஷ் பெரும்பாலும் கிராணி (குமாஸ்தா) வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கிடைத்தது. பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர் பிள்ளைக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிதான். பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் அவர் தலையில். இன்று அதே மிஷன் பள்ளி வகுப்பில் எல்லார் பிள்ளைகளும் கலந்து உட்காருகிறார்கள். எனக்கு அதுதான் அந்தப் பள்ளிகளின் பெருமை.

எஸ்கே-தான் என்று முடிவு செய்தால் இன்றைக்கே மலாய் தொடங்குங்கள். கணக்கும் அறிவியலும் பெரும்பாலும் மலாயில் வரும். கூட்டத் தெரிந்த பிள்ளையும் கேள்வி புரியாமல் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடும். முதலில் பா, பி, பூ என்று அசை அசையாக வாசிப்பு, பிறகு ஈரசைச் சொற்கள். ‘சி’ என்ற ஆங்கில எழுத்துக்கு மலாயில் எப்போதும் ‘ச்ச’ ஒலி, ‘க’ கிடையாது. தமிழில் மட்டும் எழுதிப் பழகிய பிள்ளை k ஒலிக்கும் g ஒலிக்கும் தனித்தனி எழுத்து பார்த்திராது; k போட வேண்டிய இடத்தில் g, p வேண்டிய இடத்தில் b என்று சொல்வதெழுதலில் சறுக்கும். தினமும் பத்துச் சொல் எழுதவைத்தால் போதும்.

மதிப்பெண் அட்டையைத் தேடாதீர்கள். முதல் மூன்று ஆண்டுகளின் தேர்வை 2019-இல் எடுத்துவிட்டார்கள். ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-இல் போனது. வகுப்புசார் மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுவார்கள். 3 வந்தால் அடிப்படை பிடிபட்டது என்று பொருள். 1, 2 வந்தால் டியூஷனுக்கு ஓடுமுன் ஆசிரியரிடம் மொழியா, பாடமா என்று கேளுங்கள்.

பைபிள் பயம் வேண்டாம். 1996 கல்விச் சட்டத்தின் 51-ஆம் பிரிவுப்படி, பள்ளி வாரியம் அரசுப் பணம் தொடாமல் சமய வகுப்பு நடத்தலாம். வேறு சமயப் பிள்ளையைப் பெற்றோர் எழுதிச் சம்மதிக்காமல் அதில் உட்காரவைக்க முடியாது. முஸ்லிம் பிள்ளைகள் இஸ்லாமியக் கல்விக்குப் போகும் நேரத்தில் உங்கள் மகளுக்கு நன்னெறிக் கல்வி.

எஸ்கே-யில் தமிழ் தானாக வராது. பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு வைக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நம்ம ஆட்கள் வாட்சாப்பில் “தமிழ் அழிகிறது” என்று புலம்புவார்கள், கையெழுத்து வாங்கப் போனால் ஆளைக் காணோம்! சேர்க்கும் நாளிலேயே தலைமையாசிரியரிடம் தமிழாசிரியர் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். தமிழ்ப்பள்ளி என்றால் இந்தக் கவலை இல்லை. கணக்கும் அறிவியலும் பெரும்பாலும் தமிழில் வரும். மலாய் மட்டும் பின்தங்கினால் இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவத்துக்கு (ஏழாம் வகுப்பு) முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார நேரும்.

கேஎல்-காரர்கள் (கோலாலம்பூர்வாசிகள்) இன்டர்நேஷனல் பள்ளி என்று ஆசை காட்டுவார்கள். அந்தக் கட்டணத்தை அவர்களே கட்டட்டும். நீங்கள் குடியுரிமை இல்லாதவர் என்பதால் மாநிலக் கல்வி இலாகாவின் அனுமதி வேண்டும். மகளின் பாஸ்போர்ட், விசா பாஸ், பிறப்புச் சான்றிதழ், உங்கள் வேலை பாஸ் எல்லாவற்றுக்கும் நகலெடுத்துப் பள்ளி தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே கொடுங்கள். பாடநூல் இரவல் திட்டம் குடிமக்களுக்குத்தான், புத்தகம் காசு கொடுத்து வாங்க வேண்டும். காலணி கறுப்பு, ஊரிலிருந்து வெள்ளை வாங்கி வராதீர்கள்.