விளிம்பில் எழுத்தில்லாத பொற்காசு

கேள்வி: இங்கே ஒரு நாணயக் கண்காட்சியில், 1873ஆம் ஆண்டுப் பிரஷ்ய 20 மார்க் பொற்காசு ஒன்றைப் பார்த்தேன். விளிம்பில் எழுத்து இல்லாததால் இது புழக்கத்துக்கு வராத 'மாதிரி நாணயம்' என்று சொல்லி, விற்பவர் பல மடங்கு விலை கேட்கிறார். வாங்கலாமா?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: அந்த ஒரு காரணத்தை நம்பி வாங்க வேண்டாம். பிரஷ்யா உள்ளிட்ட நாடுகள் இணைந்து ஜெர்மனி ஒரே பேரரசான பின், 1871 டிசம்பரில் வந்த சட்டம் 10, 20 மார்க் பொற்காசுகளை அறிமுகப்படுத்தியது. ஒருபுறம் பேரரசின் கழுகும் மறுபுறம் அந்தந்த நாட்டு மன்னரின் தலையோ, மன்னரில்லாத சுதந்திர நகரமானால் அதன் சின்னமோ இருக்கும். அச்சு இறுதியாகுமுன் ஒப்புதலுக்காக அடித்துப் பார்த்த சில காசுகளே மாதிரி நாணயங்கள். அவற்றின் மீதான ஆசை நியாயமானதே.

ஆனால் வழக்கமான 20 மார்க் காசின் விளிம்பில் 'கோட் மிட் உன்ஸ்' (கடவுள் நம்முடன்) என்ற ஜெர்மன் வாசகம் இருக்கும். நம் வீடுகளில் சவரனைப் பதக்கமாகக் கோத்ததுபோல் அங்கும் காசுகளை நகையில் பதித்தார்கள்; பின்னாளில் பற்றவைத்த தடம் தெரியாமல் விளிம்பை அராவி மெருகேற்றினால் எழுத்து போய்விடும். ஆகவே முதலில் அளந்து பாருங்கள். முறையான காசு 7.965 கிராம் எடையும் 22.5 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. அராவியதில் இரண்டும் குறையும். ஓரத்து முத்து வரிசைக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள கரை ஒரு பக்கம் மெலிந்திருப்பதும் லென்ஸில் தெரிந்துவிடும். எடை ஏறக்குறைய பாதிதான் என்றால், அது முலாம் பூசிய செம்பாக இருக்கலாம். 90 சதவீதத் தங்கத்தின் அடர்த்தி சுமார் 17. செம்புக்கு 9கூட இல்லை.

அளவுகள் சரியாக இருந்தாலும் அது மாதிரி நாணயம் என்று உறுதியாகாது. புழக்கக் காசிலிருந்து அச்சு எங்கே மாறுகிறது என்பதை விற்பவர் காட்ட வேண்டும். இதே காசு முன்பு எந்த ஏலத்தில், எந்தப் படத்துடன் விற்கப்பட்டது என்ற தொடர்ச்சியும் வேண்டும். நாணயங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்களின் முத்திரையிட்ட உறையில் 'மாதிரி' என்றே குறிப்பு இருந்தால் நல்லது. அதிலுள்ள எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால், தங்க விலைக்குமேல் அதிகம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருபவை, தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. பின்னாளில் ஜெர்மானிய ஏலத்துக்கு அனுப்பி லாபம் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால், பணம் கொடுக்கும் முன் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்.