வாசகர் கேள்விகள்: "முதலில் கென்க்யூசெய்யாக வரட்டும்"

கேள்வி: என் மகள் பி.இ. முடித்துவிட்டு ஜப்பானில் எம்.எஸ். படிக்க ஆசைப்படுகிறாள். அங்கே ஒரு அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு மெயில் அனுப்பினாள். "முதலில் கென்க்யூசெய்யாக வரட்டும், அப்புறம் நுழைவுத் தேர்வு எழுதலாம்" என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பட்டம் கிடையாதாமே! பணம் பிடுங்கும் வேலையா மேடம்? – ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: பயப்படாதீர்கள் ஐயா. பதில் வந்ததே பெரிய விஷயம். ஜப்பானில் படிக்க நான் முதன்முதலில் முயற்சி செய்தபோது ஒரே மெயிலைப் பெயரை மட்டும் மாற்றிப் பதினேழு பேருக்கு அனுப்பினேன். ஒருவருக்குப் பெயர் மாற்ற மறந்துபோனது. பதில் போட்டவர் அவர் மட்டும்தான்: "இது என் நண்பருக்கு வந்த கடிதம் போலிருக்கிறது, அவரிடம் சேர்த்துவிட்டேன்." இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கென்க்யூசெய் என்றால் ஆய்வு மாணவர். பெரும்பாலும் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். பட்டம் கிடையாதுதான். ஆனால் ஆய்வகத்தில் ஒரு மேசை கிடைக்கும். ஜப்பானிய மொழியும் நுழைவுத் தேர்வுக்கான பாடமும் படிக்க நேரம் கிடைக்கும். ஜப்பானிய அரசின் உதவித்தொகையில் போகிறவர்களிலும் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் இதற்கு வழக்கமான கட்டணம் மாதம் 29,700 யென். முறையான மாணவரானால் வழக்கமாக வருடத்துக்கு 5,35,800 யென், சேரும்போது ஒருமுறை 2,82,000 யென். ஆறு மாதம் இருந்தாலே நுழைவுத் தேர்வில் தேர்ச்சி நிச்சயம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலவழிப் பிரிவில் நேரடியாகச் சேர வழி உண்டா என்று மகளை அந்தப் பேராசிரியரிடமே கேட்கச் சொல்லுங்கள். பகுதிநேர வேலையில் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்; அனுமதி வாங்கினாலும் படிப்புக் காலத்தில் வாரம் 28 மணி நேரம்தான் உச்சவரம்பு.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட முக்கியம், எந்த சென்செய்யிடம், அதாவது எந்த ஆசிரியரிடம், சேர்கிறாள் என்பது. அங்கே மேற்படிப்பு என்றால் கென்க்யூஷித்சு, அதாவது ஒரு பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்த குடும்பம். நான் படித்த செண்டாய் நகரில் எங்கள் கென்க்யூஷித்சு வாசலில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. இடப்பக்கம் எங்கள் பெயர்கள். மேலே 'அறையில்', 'சாப்பாடு', 'வகுப்பு', 'வீடு' என்று கட்டங்கள். ஆளுக்கொரு காந்த வில்லையை நகர்த்திவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். முதல் வாரம் என் வில்லையை 'அறையில்' கட்டத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலை சீனியர் மாணவர் ஒருவர், "நேற்று இரவு முழுக்க இங்கேயா இருந்தீர்கள்?" என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். திட்டுவதும் அங்கே அப்படித்தான்! சேரும் முன்பே அந்தக் கென்க்யூஷித்சுவில் இருக்கும் வெளிநாட்டு மாணவர் யாரிடமாவது மகள் பேசிவிடுவது நல்லது.

கேள்வி: பொறியியல் ஆய்வகத்தில் ஆண்களே அதிகமாமே. பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா? – அதே தந்தை

பதில்: ஆண்கள் அதிகம், உண்மைதான். எங்கள் குழுவில் நான் ஒருத்திதான் பெண். ஆனால் நான் படித்த டோஹோகு பல்கலைக்கழகம் 1913லேயே மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. இருவர் வேதியியல், ஒருவர் கணிதம். ஜப்பானில் அதற்கு முன் எந்தப் பல்கலைக்கழகமும் அப்படிச் செய்ததில்லை. "இதென்ன புது வழக்கம்" என்று கல்வி அமைச்சகம் விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டது. அப்படியும் மூவரும் படித்து முடித்தார்கள். அனுப்புங்கள் ஐயா.

கேள்வி: அனிமேயில் பரீட்சைக்கு முன் கோயிலில் மரப்பலகை கட்டுகிறார்களே, நிஜமா? – ஒரு பிளஸ் டூ மாணவர், காரைக்குடி

பதில்: நிஜம் தம்பி. அதன் பெயர் எமா. டோக்கியோ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே யுஷிமா தென்ஜின் ஆலயம் இருக்கிறது. அங்கே இருப்பவர் கல்விக்கான கடவுள் என்பதால் ஜனவரி, பிப்ரவரியில் அங்கே பலகைகள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். ஜனவரி நடுவில் நாடு முழுவதற்குமான பொதுத்தேர்வு, பிப்ரவரி 25 முதல் அரசுப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியாக நடத்தும் தேர்வு. தவறவிட்டு மறுவருடம் எழுதுகிறவருக்கு ரோனின் என்று பெயர், தலைவன் இல்லாத சாமுராய்! நம் ஊர் நீட் ரிப்பீட்டருக்கு இந்தக் கம்பீரம் இல்லை. கிட்காட் சாக்லேட்டும் பரிசாகக் கொடுப்பார்கள். அந்தப் பெயர் ஜப்பானியர் காதில் 'கித்தோ கட்சு', அதாவது 'நிச்சயம் ஜெயிப்பாய்' என்று விழுமாம். அந்தக் காலத்தில் முடிவு தந்தியில் வரும். 'சகுரா (செர்ரிப் பூ) பூத்தது' என்றிருந்தால் பாஸ். 'சகுரா உதிர்ந்தது' என்றால், அடுத்த வருடம் ரோனின்தான்.