விசையும் இயக்கமும்: இயற்பியல் ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நியூட்டன் விதிகளைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிறார்கள். மேலே எறிந்த பந்தின் மீது உச்சியில் என்ன விசை என்று கேட்டால் "விசையே இல்லை" என்கிறார்கள். என்ன செய்யலாம் சார்?

பதில்: நகரும் பொருளை ஏதோ ஒரு விசை தள்ளிக்கொண்டே இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். அதை வெளியே எடுக்காமல் விதியைச் சொல்லிக்கொடுத்தால், விதி நோட்டில் இருக்கும், பழைய எண்ணம் மனதில் இருக்கும். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் தன் மாணவர்களிடம் கணக்கே இல்லாத விசைக் கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். கடினமான கணக்குகளைப் போட்டவர்களே அதில் தடுமாறினார்கள். 1991 முதல் பாடம் நடத்தும் முறையையே மாற்றினார்: ஒரு கேள்வி, தனியாக ஒரு விடை, பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறுபடி விடை.

நீங்களும் பலகையில் பந்தை மூன்று இடங்களில் வரையுங்கள்: ஏறும்போது, உச்சியில், இறங்கும்போது. காற்றுத்தடையை விட்டுவிட்டு, விசையை அம்புக்குறியால் காட்டச் சொல்லுங்கள். எல்லோரும் வரைந்த பிறகே பேச விடுங்கள். கடைசியில் நீங்கள் சொல்ல வேண்டியது: மூன்று இடத்திலும் புவியீர்ப்பு மட்டும்தான், கீழ்நோக்கி. கையின் விசை பந்து கையை விட்டதுமே முடிந்தது. உச்சியில் திசைவேகம் சுழி. முடுக்கம் அப்போதும் 9.8 மீ/வி². அதுவும் சுழியானால் பந்து அங்கேயே நிற்க வேண்டும்.

கேள்வி: சோதனை செய்து காட்டினால் ரசிக்கிறார்கள். தேர்வில் தப்பாகவே எழுதுகிறார்கள்.

பதில்: காட்டும் முன் என்ன நடக்கும் என்று கணித்து எழுத வைத்தீர்களா? மஸூர் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், சோதனையைச் சும்மா பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிடப் பெரிதாகத் தேறவில்லை. முன்கூட்டிக் கணித்தவர்கள் தேறினார்கள்.

கேள்வி: எந்த வீடியோவைப் போடலாம்?

பதில்: இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' (PhET) கணினி உருவகப்படுத்தல்கள் இலவசம். ஆனால் முதலில் கணிப்பு, அப்புறம்தான் திரை.

கேள்வி: நீட் தேர்வுக்குச் சுருக்குவழி?

பதில்: என் துறை இல்லை. பயிற்சி ஆசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, லாரியும் பைக்கும் மோதினால் ஒன்றின் மீது மற்றொன்று செலுத்தும் விசை சமம் என்று எப்படிச் சொல்ல முடியும்? பைக்தானே நொறுங்குகிறது!

பதில்: விசை சமம், விளைவு வேறு. லாரி 10,000 கிலோ, பைக்கும் ஓட்டுநரும் 200 கிலோ என்றால், அதே விசை பைக்குக்கு 50 மடங்கு முடுக்கம் தரும்.

கேள்வி: சமமும் எதிருமாக இருந்தால் ரத்தாகிவிடுமே? எதுவுமே நகராதே?

பதில்: ஒரே பொருளின் மீது செயல்பட்டால்தான் ரத்தாகும். இங்கே ஒன்று லாரியின் மீது, மற்றது பைக்கின் மீது. மூன்றாம் விதியில் மிக அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். "எந்தப் பொருளின் மீது?" என்று ஒவ்வொரு விசைக்கும் கேட்டுப் பழக்குங்கள்.

கேள்வி: லாரி நின்றிருந்தால்?

பதில்: அப்போதும் சமம்.

கேள்வி: எனக்கு ஏற்க முடியவில்லை. நின்றிருக்கும் லாரி எப்படித் திருப்பி அடிக்கும்?

பதில்: இரண்டு சுருள்வில் தராசுகளைக் கொக்கியோடு கொக்கி மாட்டுங்கள். ஒன்றை ஒருவர் அசையாமல் பிடித்திருக்கட்டும், மற்றவர் இழுக்கட்டும். எதில் அதிகம் காட்டும் என்று முதலில் எழுதிவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்புக்கு நல்ல வீடியோ எது சார்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: இப்படியெல்லாம் செய்தால் பாடத்தை எப்போது முடிப்பது?

பதில்: ஒரு வகுப்புக்கு ஒரே கேள்வி, பத்து நிமிடம். புத்தகத்தில் இருப்பதை வாசித்துக் காட்டும் நேரத்தை அதற்குக் கொடுங்கள்.